அறுநூறு ரூபாய் யாருக்குக் கிடைத்தது?

பழைய விடைத்தாள் ஒன்றை இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு. பத்து எண்களைக் கொடுத்துக் கூட்டுச் சராசரி கேட்டிருந்தேன். கொடுத்த எண்களில் பெரியது 60. ஒரு பையன் எழுதிய விடை 74. வாய்பாடு சரி, படிகள் சரி, கூட்டலில் மட்டும் எங்கோ பிசகு. படிகளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டேன். ஆனால் அன்று இரவு முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லா எண்ணும் 60க்குள் இருக்கும்போது சராசரி மட்டும் எப்படி 74க்குப் போகும் என்ற சந்தேகம் அவனுக்கு வரவே இல்லை.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பத்து மீன் கிடக்கு. ஒண்ணுகூட ஒரு கிலோவைத் தாண்டலை. சராசரியா மீன் ஒன்றரைக் கிலோ இருக்குமா?"

சிரித்துவிட்டான். "அது எப்படி டீச்சர் இருக்கும்?"

அதே பையன்தான். மீனைச் சொன்னதும் கணக்கு அவன் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கரும்பலகையில் எழுதிய எண்களை அவன் ஒருநாளும் பார்த்ததே இல்லை, கூட்டி வகுத்திருக்கிறான், அவ்வளவுதான். புள்ளியியலை முதலில் கண்ணுக்குக் காட்டிவிட்டு அப்புறம் வாய்பாட்டுக்கு வருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அதன் பிறகு செய்தவற்றில் பலித்ததையும் பலிக்காததையும் மற்ற கணக்கு ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மிளகாய்க் காட்டுக்காரி. பரமக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கு வந்தபோது நெத்திலிக்கும் சூடைக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் வடகடல், தென்கடல். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இது தலைகீழாகும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர்கள் என் மாணவர்கள். ஏலத்தில் விலை ஏறுவதைக் காதால் கேட்டே கணக்கு வைப்பார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பதை மனதுக்குள்ளேயே போடுவார்கள். எண் வராத பிள்ளைகள் என்று இவர்களைச் சொல்லவே முடியாது.

முதலில் செய்தது ரொம்பச் சின்ன வேலை. ஒரு சார்ட் தாளில் 0 முதல் 3000 வரை ஒரு கோடு போட்டேன். பெட்டிக்கடையில் ஸ்டிக்கர் பொட்டு நான்கு அட்டை வாங்கினேன். வல்லம் என்னும் நாட்டுப்படகில் போகும் ஒருவருக்கு ஒன்பது நாளில் கிடைத்த பங்குப் பணம் என்று நானே அமைத்த எண்களைப் படித்தேன்: 200, 250, 250, 300, 300, 350, 400, 450, 2900. ஒவ்வொருவராக வந்து அந்தந்த இடத்தில் பொட்டு ஒட்டினார்கள். எட்டுப் பொட்டு இடது ஓரத்தில் கொத்தாக, ஒன்று மட்டும் வலது கோடியில் தனியாக. "அன்னிக்கு நல்ல பாடு டீச்சர்" என்றான் ஒருவன். ஆமாம், பாடு என்றால் அவர்களுக்கு வலையில் விழுந்த மீன்.

பிறகுதான் சராசரி போடச் சொன்னேன். மொத்தம் 5400, ஒன்பதால் வகுத்தால் 600. "கோட்டில் 600 எங்கே இருக்கு, காட்டு" என்றதும் ஒரு பெண் எழுந்து போய் விரல் வைத்தாள். அந்த இடத்தில் பொட்டே இல்லை. விரலை எடுக்காமலே திரும்பிக் கேட்டாள்: "இந்த அறுநூறு ரூபாய் யாருக்கு டீச்சர் கிடைச்சுது?"

பதினொரு வருடமாகப் புள்ளியியல் நடத்தியும் அதுவரை ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்காத கேள்வி அது. எந்த நாளும் 600 கிடைக்கவில்லை. ஒன்பதில் எட்டு நாள் அதற்குக் கீழே. வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் 300 ரூபாய்தான் அந்த மனிதரின் சாதாரண நாள். அதற்குப் பாடப் புத்தகப் பெயர் இடைநிலை அளவு. எல்லாப் பணத்தையும் ஒரே குவியலாகக் கொட்டிச் சமமாகப் பிரித்தால் வருவது சராசரி. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைத் தொட்டால் இடைநிலை அளவு. எந்தக் கேள்விக்கு எதைக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளே பேசினார்கள். "மாசக் கடைசியில் மொத்தம் எவ்வளவு தேறும்னு பார்க்க சராசரி வேணும். நாளைக்கு அரிசி வாங்கக் கையில் காசு இருக்குமான்னு பார்க்க முந்நூறுதான் சரி" என்றாள் அதே பெண். இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. இன்றும் அதைத்தான் வகுப்பில் சொல்கிறேன்.

பொட்டில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பொட்டு என்றால் ஒரு நாள், ஒரு மீன், ஒரு ஆள். பட்டை விளக்கப்படத்தில் அந்த ஒருவர் பட்டைக்குள் மறைந்துவிடுகிறார். அதனால் எந்தப் பாடத்தையும் நான் பட்டையில் தொடங்குவதில்லை. பொட்டு ஒட்டி, கொத்து எங்கே, பள்ளம் எங்கே, தனியாக நிற்பது எது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் பட்டைக்குப் போகிறேன்.

நண்டுப் பாடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அளவுகளைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை என்று பட்டையாகக் காட்டும் நிகழ்வுச் செவ்வகத்தில் (ஹிஸ்டோகிராம்) பட்டைகளுக்கிடையே இடைவெளி கிடையாது, சாதாரணப் பட்டைப் படத்தில் உண்டு என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. ஒரு சனிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் ஸ்கேலோடு நண்டு எடை போடும் இடத்துக்குப் போனோம். நீலக்கால் நண்டு. கொடுக்கைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பிடிக்க, மற்றவர்கள் ஓட்டின் அகலத்தை அளந்து எழுதினார்கள். ஆரம்பத்திலேயே சண்டை. ஓட்டின் இரண்டு ஓரத்திலும் நீண்ட முள் இருக்கும். முள்ளோடு சேர்த்து அளப்பதா, முள்ளை விட்டுவிட்டா? ஒரு குழு ஒரு மாதிரியும் அடுத்த குழு வேறு மாதிரியும் அளந்திருந்தது. அதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, முள் நுனியிலிருந்து முள் நுனி வரை என்று பேசி முடிவு செய்து மறுபடி தொடங்கினோம். அந்த இருபது நிமிடம் வீணாகவில்லை. எதை அளக்கிறோம் என்று தீர்மானிக்காமல் எண் பிறக்காது என்பதை நான் பேசியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அறுபது நண்டுக்கு அளவு கிடைத்தது. வகுப்பில் அகலத்தை 4 சென்டிமீட்டர் பிரிவுகளாகப் பிரித்துச் செவ்வகம் வரையச் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு மேடு, அழகான படம். இப்போது அதே எண்களை 1 சென்டிமீட்டர் பிரிவுகளில் வரையச் சொன்னேன். மேடு இரண்டாகப் பிளந்தது. எட்டை ஒட்டி ஒன்று, பதின்மூன்றை ஒட்டி ஒன்று. சராசரி பத்தரைக்குப் பக்கத்தில் வந்தது. அங்கே நண்டே இல்லை என்று சொல்லிவிடலாம். "மறுபடியும் அறுநூறு ரூபாய்!" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

ஏன் இரண்டு மேடு? நான் பதில் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. நண்டு வலை போடும் வீட்டுப் பையன்தான் சொன்னான். அன்று வந்ததில் பாதி கரையோரக் கடல்புல் பக்கம் கிடைத்தது, பாதி ஆழத்தில் போட்ட நண்டு வலையில் விழுந்தது. சின்னது புல்லுக்குள் கிடக்கும், பெரியது வெளியே போய்விடும். இரண்டு கூட்டத்தை ஒன்றாகக் கொட்டி அளந்திருக்கிறோம். இரண்டு மேடு தெரிந்தால் இரண்டு கூட்டம் கலந்திருக்கிறதா என்று கேள் என்ற பாடத்தை அந்த வகுப்பு மறக்கவில்லை. பிரிவின் அகலத்தை மாற்றினால் படத்தின் கதையே மாறும் என்பதும் கூடவே வந்து சேர்ந்தது. நண்டின் அகலம் 8, 8.1, 8.2 என்று தொடர்ந்து போகும் அளவு, அதனால் பட்டைகள் ஒட்டி நிற்கின்றன. நெத்திலி, காரல், கணவாய் என்பவை தனித்தனிப் பெயர்கள், அதனால் விலகி நிற்கின்றன. இதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரே தரவுக்கு இரண்டு அகலத்தில் கட்டாயம் வரையச் சொல்லுங்கள். ஒரு படத்தோடு நிறுத்தினால் அதுதான் உண்மை என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்துக்கு வரும்போது ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973ல் வெளியிட்ட நான்கு அட்டவணைகளைப் பயன்படுத்துகிறேன். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடி எண்கள். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு அட்டவணை கொடுப்பேன், அடுத்த குழுவுடையதைப் பார்க்கக் கூடாது. கணக்குப் போட்டு விடையைப் பலகையில் எழுதுவார்கள். முதல் நிரலின் சராசரி நான்கு குழுவுக்கும் 9. இரண்டாவதன் சராசரி நான்கு குழுவுக்கும் 7.5. நம் பாடப் புத்தக முறையில் திட்ட விலக்கம் போட்டால் 3.16, 1.94, அதுவும் நான்கு குழுவுக்கும் ஒன்றே. "ஒரே கணக்கைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருக்கீங்க" என்று அடித்துச் சொல்வார்கள். சரி, வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள் என்பேன்.

ஒரு குழுவுக்குப் புள்ளிகள் மேல்நோக்கிச் சிதறிப் போகும். ஒன்றுக்கு வில் போல வளைந்து இறங்கும். ஒன்றுக்கு நூல் பிடித்த மாதிரி நேர்கோடு, ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு மேலே. கடைசிக் குழுவுக்குப் பத்துப் புள்ளி கொடிக்கம்பம் போல ஒரே செங்குத்தில், ஒன்று மட்டும் எங்கோ தூரத்தில். நான்கு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. வருடா வருடம் பார்க்கிறேன், எனக்கு அது அலுக்கவே இல்லை. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவை மேல் வகுப்பில் படிப்பவர்களுக்கும் இது ஆகும், நான்கிலும் ஏறத்தாழ 0.82 வரும். கால்குலேட்டர் கொடுத்துவிடுங்கள். பெருக்கலில் தடுக்கி விழுந்தால் படம் வரை வந்து சேர மாட்டார்கள்.

கூண்டுப் பாடம் தற்செயலாக வந்தது. புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பிள்ளைகள் அந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு மாணவி அந்த மாதத்துக் கூண்டுகளுக்குச் சராசரி போட்டு வைத்திருந்தாள். கணக்குத் தப்பில்லை. ஆனால் கூண்டு எண் கிலோவோ மீட்டரோ இல்லையே. 5, 6, 7 மூன்றுமே அபாய எச்சரிக்கைதான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரை கடக்கும், இல்லை துறைமுகத்தை ஒட்டியே கடக்குமா என்பதைத்தான் அவை பிரித்துச் சொல்கின்றன. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. இவற்றைக் கூட்டி வகுத்தால் வருவதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. பஸ் நம்பருக்குச் சராசரி போடுவது போல என்று அவளே சொன்னாள். எண்ணாக எழுதியிருப்பதெல்லாம் கூட்டத் தக்கதல்ல என்பதைப் பாடப் புத்தகத்தில் நான் இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. அதன் பிறகு கூண்டு நாட்களை வண்ணத்தால் காட்டினோம், உயரத்தால் காட்டவில்லை.

அடுத்தது எனக்கு இன்றும் கனமாக இருக்கும் ஒன்று. ஒரு மாதம் முழுவதும் தெரிந்த ஒரு படகு எந்தெந்த நாள் கடலுக்குப் போனது, எத்தனை கிலோ கிடைத்தது என்று எழுதி வரச் சொல்லியிருந்தேன். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறை நெடுங்காலமாக உண்டு. ஆகவே எல்லார் தாளிலும் போகாத நாட்கள் இருந்தன. சிலர் அதில் 0 போட்டிருந்தார்கள், சிலர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவருக்கு 0. போகவே இல்லை என்றால் அங்கே எண் இல்லை. இரண்டையும் ஒன்றாக வரைந்தால் கடலில் மீனே இல்லை என்று படம் பொய் சொல்லும். பலகையில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு பையன் அருகில் வந்து மெதுவாகக் கேட்டான். "டீச்சர், அப்பா படகோட பிடிபட்டு அக்கரையில் இருக்காரு. நான் 0 போடவா, சும்மா விடவா?"

எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. தெரிந்த ஒரு படகு என்றுதான் சொன்னேன், பிள்ளைகள் வீட்டுப் படகைத்தான் எழுதுவார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவன் தோளைத் தொட்டு, காலியாக விடுப்பா, அது 0 இல்லை என்றேன். அவன் போய் அந்தக் கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டு வந்தான். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து அவன் அப்பா வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். வீட்டு வருமானம், வீட்டுப் படகு, குடும்பத்தில் யார் எங்கே என்பது எதையும் தரவாகக் கேட்பதில்லை. கரையில் எல்லார் கண்ணுக்கும் தெரிவதை மட்டும் எடுப்போம்: மீன் விலை, நண்டின் அளவு, காற்று, மழை. இரண்டாவது, எந்தத் தாளிலும் பெயர் இருக்காது. நம் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து தரவு எடுங்கள் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வாழ்க்கையில் தொடக் கூடாத இடங்கள் இருக்கின்றன, அதை ஆசிரியர்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும்.

இரண்டு அளவுகளைச் சோடியாக எடுத்துப் புள்ளி வைக்கும் சிதறல் படத்துக்கு எங்கள் கடற்கரையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஒரு கோடையில் மார்ச் முதல் ஜூன் வரை அன்றைய வெயில் அளவையும் சந்தையில் ஒரு கிலோ பாரை மீன் என்ன விலை என்பதையும் வாரம் இரண்டு நாள் குறிக்கச் சொன்னேன். புள்ளி வைத்துப் பார்த்தால் இடது கீழிலிருந்து வலது மேலே ஏறுகிறது. வெயில் கூடினால் மீன் விலை கூடும். "அப்படின்னா வெயில்தான் விலையை ஏத்துதா?" என்று கேட்டேன். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். மீன் சீக்கிரம் கெட்டுப்போகும், ஐஸ் செலவு கூடும் என்று காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். படம் ஏறினால் போதும், காரணத்தை மனசு தானே தைத்துவிடும். இதை நான் பெரியவர்களிடமும் பார்க்கிறேன்.

அப்புறம் தடைக்கால நாட்களின் மேல் மட்டும் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னேன். மேலே இருந்த புள்ளிகள் அத்தனையும் சிவப்பாயின. சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தடைக்கு முந்தைய நாட்களை மட்டும் பார்த்தாலும் அப்படியே. படகு போகவில்லை, வரத்து குறைந்தது, விலை ஏறியது. அதே நாட்களில் வெயிலும் அடித்தது. மூன்றாவதாக ஒன்று இரண்டுக்கும் பின்னால் இருக்கலாம் என்பதை ஒரு அட்டைப் பொட்டு காட்டிவிட்டது. ஒட்டுறவு வேறு, காரணம் வேறு என்ற வாக்கியத்தை இதற்குப் பிறகு எழுதிப் போட்டால்தான் அதற்கு உயிர் இருக்கிறது.

2024 நவம்பரில் செய்தித்தாளில் வந்த ராமேஸ்வரம் மழை அளவை ஒரு குழு நாள்தோறும் எழுதி வந்தது. நவம்பர் 20ஆம் தேதி நடந்தது தீவில் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே சுமார் 83 சென்டிமீட்டர்தான். வருடத்தில் பாதி ஒரு பகலில் பெய்தது. படம் வரைந்தபோது அந்த ஒரு கோடு தாளின் உச்சி வரை போய், மற்ற நாட்கள் எல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டன. ஒருத்தி அதை எடுத்துவிடலாம் என்றாள், படம் அசிங்கமாக இருக்கிறதாம். இன்னொருவன் எழுந்தான். "அதை எடுத்தா அன்னிக்கு எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரவே இல்லைன்னு ஆயிரும்." நீண்ட நேரம் பேசி இரண்டு படம் போட்டோம். ஒன்றில் எல்லா நாளும். இன்னொன்றில் அந்த நாளை விட்டுவிட்டு மற்ற நாட்கள். இரண்டாவதன் தலைப்பிலேயே "நவம்பர் 20 சேர்க்கப்படவில்லை" என்று பெரிதாக எழுதினார்கள். விலகி நிற்கும் புள்ளியை எடுப்பது தவறில்லை, சொல்லாமல் எடுப்பதுதான் தவறு. முதலில் அது எழுத்துப் பிழையா என்று பார்க்க வேண்டும், பிழை இல்லை என்றால் அன்று என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பல நேரம் படத்திலேயே முக்கியமான செய்தி அந்த ஒரு புள்ளிதான்.

வட்ட விளக்கப்படத்துக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. தேர்வுக்கு வரும் என்பதால் கோணம் கணக்கிடப் பழக்குகிறேன். அதோடு ஒரே தரவை வட்டத்திலும் பட்டையிலும் வரைந்து, எது பெரிது என்று எதில் சீக்கிரம் தெரிகிறது என்று கேட்பேன். எப்போதும் பட்டைதான். கிளீவ்லாந்து, மெக்கில் என்ற புள்ளியியலாளர் இருவர் 1984லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்: ஒரே கோட்டிலிருந்து நீளத்தைப் பார்ப்பதில் கண் கில்லாடி, கோணத்தையும் பரப்பையும் மதிப்பிடுவதில் தடுமாறும். பட்டை 0இலிருந்து தொடங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பழக்குவதும் அவசியம். ஊருக்குள் வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் பட்டைகள் 80இலிருந்து தொடங்கியிருந்தன. 84க்கும் 92க்கும் மூன்று மடங்கு உயர வித்தியாசம். பிள்ளைகள் அதை 0இலிருந்து மறுபடி வரைந்து பார்த்து வாயடைத்துப் போனார்கள். வெப்பநிலை போலக் கோடாகப் போகும் படத்துக்கு இந்த விதி பொருந்தாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பொய் என்பார்கள்.

கணினி ஆய்வகம் இருக்கும் பள்ளியில் லிப்ரே ஆபிஸ், ஜியோஜீப்ரா என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், போதும். ஆனால் முதல் மூன்று படமாவது கையால் வரையட்டும். பொத்தானை அமுக்கினால் வண்ண வண்ணமாக ஒரு படம் வந்துவிடும், அளவுகோலை யார் தேர்ந்தெடுத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று எல்லா ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பொட்டுக்கு ஒரு பாடவேளை, நண்டுக்கு ஒரு சனிக்கிழமையும் ஒரு பாடவேளையும், ஆன்ஸ்கோமுக்கு இரண்டு. வாய்பாட்டுப் பயிற்சியில் அந்த நேரத்தைக் குறைத்துக்கொண்டேன். தேர்வு விடைத்தாளில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. சராசரி போட்டு முடித்ததும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குட்டிக் கோடு போட்டு, சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் குறித்து, விடை இடையில் விழுகிறதா என்று பார்த்திருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. யாரோ ஒருவர் தொடங்கி மற்றவர்களுக்கும் தொற்றியிருக்கிறது.

ஒருநாள் கையெழுத்துப் போட வந்த ஒரு அம்மா, கடலில் பாசி எடுக்கப் போகிறவர், சுவரில் இருந்த நண்டுப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். விரலில் துணி சுற்றிய தழும்பு இன்னும் இருந்தது. "இது என்ன டீச்சரம்மா?" நண்டு அகலம், எத்தனை நண்டு என்று இரண்டு அச்சையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டு சென்டிமீட்டர் மேட்டில் விரல் வைத்து, "இத்தனை குஞ்சைப் பிடிச்சிருக்காகளே" என்றார். நாங்கள் இரண்டு கூட்டம் என்று பேசியதோடு விட்டிருந்தோம். அந்தச் சின்ன மேட்டில் இருப்பவை வளர விட்டிருக்க வேண்டிய நண்டுகள் என்பது வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இந்த ஆண்டு அந்தக் கேள்வியைத்தான் எடுத்திருக்கிறோம். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடியும். படகுகள் போய்த் திரும்பும் காலையில் எட்டுப் பேர் ஸ்கேலோடு கரையில் இருப்பார்கள், முள் நுனியிலிருந்து முள் நுனி வரை. கரையோரத்து நண்டுக்குப் பச்சைப் பொட்டு, ஆழத்து நண்டுக்கு நீலப் பொட்டு. இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் பிறந்த நாளான ஜூன் 29 நாடு முழுவதும் புள்ளியியல் நாள், அன்றைக்குப் படம் பள்ளிச் சுவரில் ஏறிவிட வேண்டும். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.